ஆளே இல்லாத தீவுல பனி கரையுது

2025 ஏப்ரல்ல ட்ரம்ப் போட்ட வரி லிஸ்ட்ல மனுஷனே இல்லாத ஒரு தீவு பேரும் இருக்குன்னு பெங்குயின் மீம் பறந்துச்சே ஞாபகம் இருக்கா, அதுதான் ஹெர்ட் தீவு. ஆஸ்திரேலியாவுக்கு சொந்தமானது, அப்ப 10 சதவீத வரி போட்டாங்க, ஆனா அங்க இருக்கறது பெங்குயினும் சீலும் பறவைகளும்தான். ரெண்டு நாள்ல எல்லாரும் அடுத்த மீமுக்கு போயிட்டாங்க. எனக்குதான் அந்த தீவ விட மனசு வரல, மேப்ப பாக்கறது, பழைய பயணக் குறிப்ப படிக்கறது, ஆராய்ச்சி கட்டுரைய புரியுதோ புரியலையோ ஒவ்வொரு வரியா படிக்கறதுன்னு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி இதே வேலையா போச்சு. ஏன்னா வரி நியூஸ்ல யாருமே சொல்லாத ஒரு விஷயம் அங்க நடந்துட்டு இருக்கு. அந்த தீவோட பனியாறுங்க, அதாவது கிளேசியருங்க, வருஷா வருஷம் சுருங்கிட்டே போகுது.

முதல்ல அது எங்க இருக்குன்னு சொல்லிடறேன். சேலத்து மேல விரல வச்சு தெக்கால இழுங்க, கன்னியாகுமரி தாண்டி, பூமத்திய ரேகை தாண்டி, கொஞ்சூண்டு மேக்க சாஞ்சமாதிரி போய்ட்டே இருந்தா கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர் கடல்தான், அப்புறம் 53 டிகிரி தெக்குல இது தனியா நிக்கும். நம்ம கடிகாரத்துக்கும் அந்த ஊர் கடிகாரத்துக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம்! ஆஸ்திரேலியாவோட பெர்த்துல இருந்து பாத்தா 4,000 கிலோமீட்டர், ஏர்போர்ட் கிடையாது, துறைமுகம் கிடையாது, கப்பல்ல ரெண்டு வாரம் கிட்ட ஆகும், அதுவும் அந்த கடல்ல அடிக்கற மேக்கத்தி காத்துக்கு பேர் போன பாதை.

தீவோட பரப்பு 368 சதுர கிலோமீட்டர். இத படிச்சதும் நான் நேரா போய் நம்ம ஏற்காடு தாலுகா எவ்ளோன்னு பாத்தேன், காட்ட எல்லாம் சேத்து சுமார் 380. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா உயரம்? சேர்வராயன் கோயில் இருக்கற இடம் 1,623 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டா 2,637, ஆனமுடி 2,695. ஹெர்ட் தீவோட நடுவுல இருக்கற பிக் பென்ங்கற எரிமலையோட உச்சி, மாசன் பீக்னு சொல்வாங்க, 2,745 மீட்டர். ஏற்காடு தாலுகா அளவு இடத்துக்குள்ள கடல்ல இருந்து எழும்பி ஆனமுடிய விட ஒசரமா நிக்குது, அதுவும் உள்ள நெருப்பு இருக்கற மலை. 2016ல ஆஸ்திரேலியாவோட இன்வெஸ்டிகேட்டர் ஆராய்ச்சி கப்பல் அந்த பக்கம் போனப்ப உச்சில இருந்து லாவா பனி மேல வழிஞ்சு இறங்கறத கப்பல்ல இருந்தவங்க நேர்லயே பாத்திருக்காங்க.

இன்னொரு விஷயம் படிச்சு அசந்து போயிட்டேன். அந்த தீவ கடலுக்கு மேல தூக்கி விட்ட எரிமலை வேலைக்கும் நம்ம நாட்டுக்கும் பழைய சொந்தம் இருக்கு. இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கெடந்து பிரிஞ்ச காலத்துல பூமிக்கு அடில இருந்து வந்த அதே கெர்குலன் சூட்டுப்புள்ளிதான், அதாவது பூமிக்குள்ள இருந்து சூடு மேல பொங்கற இடம்தான், ஜார்க்கண்ட் பக்கம் ராஜ்மகால் மலையோட எரிமலைப் பாறைக்கும் காரணம்னு புவியியல்காரங்க சொல்றாங்க, சுமார் 11 கோடி 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. நம்ம நிலம் வடக்க நகந்து வந்துருச்சு, அந்த சூடு தெக்கயே நின்னுருச்சு.

சரி பனியாறுக்கு வரேன். மேல கொட்டற பனி வருஷக்கணக்கா அமுங்கி அமுங்கி கெட்டி ஐஸாகி, தன்னோட எடைலயே மெதுவா சரிஞ்சு கீழ இறங்கி வரும். கீழ வந்ததும் உருகும், இல்ல கடல்ல உடைஞ்சு விழும். சேலத்துக்காரங்களுக்கு இத புரிய வைக்க மேட்டூர் அணை போதும். காலைல பேப்பர எடுத்ததும் நீர்வரத்து எத்தன கன அடி, வெளியேத்தறது எத்தன கன அடி, நீர்மட்டம் எத்தன அடின்னு நம்ம வீட்டு பெரியவங்க எல்லாம் பாப்பாங்க இல்ல, வரத்து கம்மியா வெளியேத்தம் ஜாஸ்தியா இருந்தா 120 அடி 119 ஆகும், 115 ஆகும். பனியாறும் அதேதான், மேல பனி சேர்றது வரத்து, கீழ உருகறது வெளியேத்தம். பனியாறு பின்வாங்குதுன்னா ஐஸ் மேல ஏறி போகுதுன்னு அர்த்தம் இல்ல, ஐஸ் எப்பவும் போல கீழதான் இறங்கிட்டு இருக்கு, ஆனா இறங்கி வர்ற வேகத்த விட வேகமா அதோட நுனி உருகி போயிருது. அணைக்கு அடுத்த ஜூன், ஜூலைல கர்நாடகாவுல மழை பேஞ்சா மறுபடி ரொம்பிரும். இதுக்கு அப்படி ஒரு ஜூன் வரல.

ஹெர்ட் தீவு இதுல ரொம்ப நுணுக்கமான இடம். கடலோரத்துல வருஷ சராசரி சூடு பூஜ்யத்துக்கு ஒன்னு ரெண்டு டிகிரி மேலதான் இருக்கும். அப்படின்னா அரை டிகிரி, முக்கா டிகிரி ஏறினாலே கணக்கு மாறிரும், பனியா விழ வேண்டியது மழையா விழும், உருகற நாளும் கூடும். அதுவும் செங்குத்தான மலைங்கறதால ஐஸ் வேகமா இறங்கி வரும், மேல மாற்றம் வந்தா கீழ சீக்கிரம் தெரிஞ்சிரும். மேக்க இருந்து வர்ற ஈரக்காத்து மலைல மோதி பனியா கொட்டிட்டு, கிழக்கு சரிவுல காஞ்ச காத்தா, கொஞ்சம் சூடேறி இறங்கும், அதனால கிழக்கு பக்கத்து பனியாறுங்கதான் அதிகமா அடி வாங்குது.

இத பத்தி ஃப்ரெண்டுங்ககிட்ட பேசினா எல்லாரும் முதல்ல கேக்கறது ஒன்னுதான், "டேய் எரிமலை மேல ஐஸ் இருந்தா உருகத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்?" நல்ல கேள்விதான், எனக்கும் இது தோணுச்சு. ஆனா லாவா வழியறது உச்சில இருந்து ஒரு பக்கமா கொஞ்ச தூரம். பனி சுருங்கறது தீவோட எல்லா பக்கமும். இத விட பெரிய சாட்சி லாரன்ஸ் தீபகற்பம். தீவோட வடமேக்கு மூலைல ஒரு குறுகலான நிலத்தால ஒட்டிக்கிட்டு இருக்கற தனி மலை அது, பிக் பென்னோட சூடு அங்க வராது, ரொம்ப ஒசரமும் கிடையாது. அங்க இருக்கற ஜாக்கா பனியாறு மாதிரி சின்ன சின்ன பனியாறுங்கதான் தன் அளவுக்கு எல்லாத்த விடவும் அதிகமா தேஞ்சிருக்கு. அப்ப எரிமலை மேல பழி போட முடியாது, வெளிய இருக்கற காத்துதான் சூடாயிருக்கு.

எங்கப்பா கேட்டது வேற. அவரு ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இப்ப கன்னங்குறிச்சில இருக்கோம். போன்ல சேட்டிலைட் படத்த காட்டி நான் சொல்லிட்டே இருந்தப்ப கண்ணாடிய தூக்கி விட்டுக்கிட்டு பாத்துட்டு, "ஏன் கண்ணு, அங்க வண்டி இல்ல, ஃபேக்டரி இல்ல, ஒரு அடுப்பு கூட எரியலைங்கற, அப்புறம் எதுக்கு உருகுது?"ன்னாரு. இதுக்கு நான் சொன்ன பதில்தான் இந்த மொத்த பதிவுக்கும் காரணம். புகை விட்டவன் வீட்டு மேலயே நின்னுட்டு இருக்கறதில்ல அது. கார்பன் டை ஆக்சைடு ஒரு தடவை மேல போயிருச்சுன்னா ஒரு ரெண்டு வருஷத்துக்குள்ள உலகம் பூரா கலந்துரும், சேலத்துல போற பஸ்ஸோட புகையும் சிகாகோல எரியற கரியும் ஷாங்காய் ஃபேக்டரியும் ஒரே காத்துதான். அதனாலதான் ஹெர்ட் தீவு எனக்கு இவ்ளோ முக்கியமா படுது. மத்த ஊர்ல சூடு கூடுச்சுன்னா காங்க்ரீட் ஜாஸ்தியாயிருச்சு, மரத்த வெட்டிட்டாங்க, ஏரிய மூடிட்டாங்கன்னு நூறு உள்ளூர் காரணம் கலந்து வரும். அங்க அதுல ஒன்னு கூட கிடையாது. மரமே கிடையாது வெட்டறதுக்கு. வேற எந்த காரணமும் ஒட்டாத இடத்துலயும் ஐஸ் கரையுது.

எவ்ளோ கரைஞ்சிருக்கு? 1947ல 289 சதுர கிலோமீட்டர் பனியாறு இருந்த தீவுல 2019ல 226தான் மிச்சம். 22 சதவீதம், கிட்டத்தட்ட கால் பங்கு போயிருச்சு. அந்த காலத்துல சூடு ஏறினது சுமார் 0.7 டிகிரி. இது மெல்போர்ன் மோனாஷ் யுனிவர்சிட்டி ஆளுங்க கணக்கு பண்ணி சொன்னது. கிழக்கு பக்கம் பிரவுன் பனியாறுன்னு ஒன்னு இருக்கு, அதுதான் ரொம்ப நல்லா அளந்தது, 1950ல இருந்து 2004 வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிருக்கு, பரப்புல 29 சதவீதம் காணோம், முன்னாடி ஐஸ் நின்ன இடத்துல இப்ப ஒரு காயல். அதுக்கு தெக்க ஸ்டீபன்சன் பனியாறு, அது நுனிய 5 கிலோமீட்டருக்கு மேல இழந்துருச்சு, பழைய படத்துல அகலமா நாக்க நீட்டிட்டு கடல்கரை வரைக்கும் வந்து கெடக்கும், இப்போதைய சேட்டிலைட் படத்துல அந்த இடம் பூரா தண்ணி, அதுல ஐஸ் துண்டுங்க மிதக்குது. நான் அந்த ரெண்டு படத்தையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தேன். நெஞ்சு கனத்துப் போச்சு, வேற எப்படி சொல்றதுன்னு தெரியல.

இந்த கணக்கு நமக்கு கிடைச்சதே ஒரு பெரிய கதை. 1947 டிசம்பர்ல ஆஸ்திரேலியாக்காரங்க அட்லஸ் கோவ்ங்கற இடத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம் போட போனாங்க, கூடவே வால்ரஸ்னு ஒரு சின்ன கடல் விமானம் கொண்டு போனாங்க. அந்த விமானம் அங்க ஒரே ஒரு தடவைதான் பறந்துச்சு. மேகம் கொஞ்சம் விலகின நேரம் பாத்து மேல போய் தீவ போட்டோ எடுத்துட்டு இறங்கிருச்சு. அதுக்கப்புறம் அடிச்ச புயல்ல கட்டி வச்ச இடத்துலயே நொறுங்கி போச்சு. யோசிச்சு பாருங்க, அந்த ஒரு தடவை பறக்கறதுக்கு முன்னாடியே புயல் வந்திருந்தா? அன்னைக்கு வானம் மூடியே இருந்திருந்தா? இன்னைக்கு கால் பங்கு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சுங்கற கணக்கே பாதி கிடைச்சிருக்காது.

அந்த நிலையம் 1955 வரைக்கும் நடந்துச்சு. சும்மா ஒன்னும் நடக்கல. 1952 மே மாசம் அங்க இருந்த அலிஸ்டர் ஃபோர்ப்ஸ், ரிச்சர்ட் ஹோசிசன்னு ரெண்டு பேரு செத்துப் போனாங்க. அப்ப பனியாறுங்க கடல் வரைக்கும் வந்து செவுரு மாதிரி நிக்கும், ஒரு கரைல இருந்து இன்னொரு கரைக்கு போகணும்னா ஐஸ் செவுத்துக்கும் அலைக்கும் நடுவுல ஒடுங்கி நடக்கணும், இல்ல பனியாத்து மேல ஏறி கடக்கணும். அலை அடிச்சு ஹோசிசன் போயிட்டாரு, ஃபோர்ப்ஸ் பனியாத்து மேல குளிர்ல போயிட்டாரு. அவங்களும் அவங்க கூட்டாளிங்களும் தினமும் காத்து, சூடு, பனின்னு எழுதி வச்ச நோட்டுதான் இன்னைக்கு 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு சொல்றதுக்கு அடிப்படை. மலை உச்சிய முதல் தடவையா ஏறினது 1965 ஜனவரில, வார்விக் டீகாக்னு ஒருத்தர் தலைமைல போன கூட்டம், அவங்கள கப்பல்ல கூட்டிட்டு போனவரு பில் டில்மன், 1936ல நம்ம நந்தாதேவி உச்சிய ஏறின அதே டில்மன்தான்.

ஐஸ் செவுரு நின்னுச்சுன்னு சொன்னேன்ல, அது ஒரு விதத்துல காவலாவும் இருந்துச்சு. ஹெர்ட் தீவுல மனுஷன் கொண்டு போன எலி கிடையாது, பூனை கிடையாது, முயல் கிடையாது, 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கற கெர்குலன் தீவுல இது எல்லாமே இருக்கு. ஹெர்ட்ல ஒவ்வொரு கரையும் பனியாத்தால பிரிஞ்சு தனித்தனி ரூம் மாதிரி கெடந்துச்சு, ஒரு கரைல புதுசா ஒரு களையோ பூச்சியோ வந்து இறங்கினாலும் அடுத்த கரைக்கு தாண்டறது கஷ்டம். இப்ப ஐஸ் பின்வாங்க வாங்க கரைங்க ஒன்னோட ஒன்னு சேருது. புது நிலம் திறக்குது, செடி முளைக்குது, பெங்குயினுக்கு இடம் கிடைக்குதுன்னு ஒரு பக்கம், வந்தது எதுவும் ஒரு மூலைல அடங்காதுன்னு இன்னொரு பக்கம். உன்னிச்செடி எப்படி ஒரு வேலி ஓரத்துல ஆரம்பிச்சு மலை பூரா ஏறிச்சுன்னு சேர்வராயன் மலைல பாத்தவங்களுக்கு இத ரொம்ப விளக்க வேண்டாம். 2025 கடைசில ஆஸ்திரேலியாவோட நுயினா கப்பல் அங்க போச்சு, அவங்க அண்டார்டிக் குழு அங்க போறது 20 வருஷத்துக்கு மேல ஆனதுக்கு அப்புறம். போன இடத்துல யானை சீலுங்க கூட்டமா செத்து கெடந்துருக்கு, எச்5 பறவைக் காய்ச்சல்னு நவம்பர்ல உறுதியாச்சு. அவ்ளோ தூரத்துக்கும் போயிருச்சு.

அப்பாகிட்ட 1947 விமானம் கதைய சொன்னப்பதான் அவரு எழுந்து நேரா உக்காந்தாரு. ஏன்னா அவரோட வாழ்க்கைல பாதி அந்த மாதிரி ஒரு வேலை. தினம் காலைல எட்டரைக்கு எஸ்டேட் ஆபீஸ் முன்னாடி இருக்கற ரெயின் கேஜ் மூடிய திறந்து, உள்ள சேந்த தண்ணிய அளவு கிளாஸ்ல ஊத்துவாரு. அத அவரு பாக்கற விதம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, கிளாஸ கண்ணு மட்டத்துக்கு தூக்கி, மூச்ச அடக்கி, தண்ணி நடுவுல குழிஞ்சு நிக்கும்ல, ஓரத்துல ஏறி இருக்கறத விட்டுட்டு அந்த குழியோட அடிமட்டம் எந்த கோட்டுல இருக்குன்னு பாப்பாரு. அப்புறம் ரெஜிஸ்டர்ல தேதி, இன்ச், சென்ட். எஸ்டேட்ல எல்லாம் மழைய இப்பவும் சென்ட்லதான் பேசுவாங்க, நூறு சென்ட் ஒரு இன்ச். மார்ச், ஏப்ரல்ல காபிய பூக்க வைக்கற பூ மழை விழுந்தா அந்த வரிய சிவப்பு மைல எழுதுவாரு, அடுத்து அந்த பூவ காயா பிடிக்க வைக்கற பின் மழை எப்ப வந்துச்சுன்னு பக்கத்துலயே குறிப்பாரு, ஏன்னா அந்த ரெண்டு தேதியும் அளவும்தான் வருஷத்து காபி. மழையே இல்லாத நாளும் வரி காலியா இருக்காது, 'நில்'னு எழுதியிருப்பாரு. "எழுதாம விட்டா நாளைக்கு பாக்கறவனுக்கு மழை பெய்யலையா, நான் பாக்கலையான்னு தெரியாது கண்ணு"ன்னு சொன்னாரு.

ஏற்காட்டுல முன்ன மாதிரி குளிர் இல்லைன்னு மலைல யார கேட்டாலும் சொல்வாங்க. டீக்கடைல சொல்வாங்க, மேஸ்திரி சொல்வாரு, லாட்ஜ்காரர் ஏசி மாட்டிட்டு சொல்வாரு. பூ மழை தவறி வருது, டிசம்பர்ல காபி காய வைக்கற களத்துல மழை கொட்டுதுன்னு எஸ்டேட்காரங்க புலம்பறாங்க. நான் இத நம்பறேன், ஆனா ஞாபகம் வேற, ரெஜிஸ்டர் வேற. 1820கள்லயே காபி வந்த மலை இது, எத்தனையோ எஸ்டேட்ல தலைமுறை தலைமுறையா மழை எழுதியிருக்காங்க. அந்த நோட்டுங்க எல்லாம் எங்க? எஸ்டேட் கைமாறும், ஆபீஸ் ரூம ரிசார்ட் ரிசப்ஷனா மாத்துவாங்க, அலமாரிய காலி பண்றப்ப பழைய ரெஜிஸ்டர் எடைக்கு போயிரும். அப்பா வேலை பாத்த இடத்துலயும் அதான் நடந்துச்சு, அவரு கையெழுத்துல இருந்த நோட்டுல ரெண்டு மட்டும் எங்க வீட்டு பரண்ல தங்கியிருக்கு, அதுவும் முதுகு பிஞ்சு, ஓரம் எல்லாம் கரையான் அரிச்சு. ஹெர்ட் தீவுக்கு ஒரு தடவை பறந்த விமானம் எடுத்த போட்டோ போதுமானதா இருந்துச்சு, நம்ம மலைக்கு தினசரி கணக்கே இருந்திருக்கு, அத கிலோ கணக்குல போட்டுட்டோமேன்னு நெனச்சா வயிறு எரியுது.

அதனால இப்ப ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். பரண்ல இருக்கற ரெண்டு நோட்டையும் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து எக்செல்ல ஏத்திட்டு இருக்கேன், கையெழுத்து புரியாத இடத்துல அப்பா பக்கத்துல உக்காந்து படிச்சு சொல்றாரு. ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கம் யாரு வீட்டுலயாவது எஸ்டேட் மழை ரெஜிஸ்டர் இருந்தா, எவ்ளோ பழசா இருந்தாலும், நடுவுல பக்கம் கிழிஞ்சிருந்தாலும், தூக்கி போடாதீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நோட்ட நீங்க குடுக்க வேண்டாம், நான் வந்து போட்டோ எடுத்துக்கறேன். கேஜ் எந்த இடத்துல வச்சிருந்தாங்க, பக்கத்துல மரம் இருந்துச்சா, நடுவுல இடம் மாத்தினாங்களான்னு தெரிஞ்சவங்க இருந்தா அதையும் கேட்டு வைங்க, அது இல்லாம எண்ண மட்டும் வச்சு ஒன்னும் பண்ண முடியாது. சில எஸ்டேட்ல நடுவுல மில்லிமீட்டருக்கு மாறியிருப்பாங்க, எந்த வருஷத்துல மாறினாங்கன்னு மட்டும் பாத்து சொன்னா போதும், சென்ட்ட மில்லிமீட்டராக்கற கணக்க நானும் அப்பாவும் பாத்துக்கறோம்.